காட்சியில் கலந்த இரு பொருள்கள்: யதார்த்தக்யாதியின் எல்லையும் பராங்குச நாயகியின் பார்வையும்

அந்திப் பொழுதில் ஓடும் புகைவண்டியின் மூடிய சன்னற் கண்ணாடியில் பயணியின் முகமும் வெளியே விலகிச் செல்லும் பனைமரங்களும் ஒரே இடத்தில் தோன்றுகின்றன. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, எஞ்சியதில் பெரும்பகுதியை ஊடே செல்ல விடுகிறது. நண்பகலில் வெளியொளி மிகுந்திருப்பதால் அச்சிறு பங்கு புலனாவதில்லை. உள்ளே விளக்கெரிய வெளியே ஒளி குறையும்போது அது புலனாகிறது. அங்குக் காணப்படும் முகமும் உண்மை; மரமும் உண்மை. இரண்டும் ஓரிடத்தில் உள்ளன என்று கொள்ளும் வழக்கே பின்னர் நில்லாதொழிகிறது.

அன்றாடக் கண்ணுக்கு எட்டும் இத்தகைய கலப்புக் காட்சிகள் தத்துவ விசாரத்தில் சிறிய செய்திகள் அல்ல. பிரமம் எனப்படும் மயக்க அறிவுக்குப் பொருள் உண்டா, இல்லையா என்ற வினாவிலேயே உலகம் மெய்யா பொய்யா என்ற வினாவும் அடங்கிக் கிடக்கிறது. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் இதனை விரிவாக ஆராய்ந்து, எல்லா அறிவும் உள்ள பொருளையே பற்றும் என்ற கொள்கையை நிலைநாட்டியருளினார். யதார்த்தக்யாதி என்றும் ஸத்க்யாதி என்றும் இது வழங்கும்.

இக்கொள்கையை எடுத்துக்கொண்டு, ஒரு பொருளில் மற்றொன்று உண்மையாகவே கலந்து தோன்றுகிறது. ஆகவே தூணிலும் துரும்பிலும் எம்பெருமானைக் காண்பதும் அவ்வகையினதே என்று சொற்பொழிவுகளில் முடிவு கூறப்படுவதுண்டு. கேட்பதற்கு இனிய முடிவுதான். ஆனால் ஸ்ரீபாஷ்யத்தின் நியாயத்தையும் அருளிச்செயல் வியாக்கியானங்களின் நோக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரு வேறு கலப்புகள் இங்கே ஒன்றாக்கப்பட்டிருப்பது விளங்கும். அவற்றைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் பொருள்.

பூதக் கலப்பும் பெயர் வழக்கும்

சிப்பியில் வெள்ளி தோன்றுவதை உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்லவொண்ணாத ஒன்றின் தோற்றமாகக் கொண்டு, உலகத்தையும் அவ்வாறே அநிர்வசநீயம் என்று நிறுவ முயன்றனர் மாயாவாதிகள். அதனை மறுக்குமிடத்தில்தான் யதார்த்தக்யாதி எழுகிறது. சாந்தோக்கிய உபநிஷத்து தேஜஸ், நீர், மண் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று கலக்கப்பட்டதைக் கூறுகிறது. நெருப்பில் காணும் சிவப்பு தேஜஸினது, வெண்மை நீரினது, கருமை மண்ணினது என்று கண்ணுக்குத் தெரியும் நிறங்களைக் கொண்டே அதனை விளக்கவும் செய்கிறது. இம்முக்கூட்டு ஐம்பூதக் கலப்பிற்கும் உபலக்ஷணம். ஆகவே எப்பொருளிலும் பிற பொருள்களின் கூறுகள் உள்ளன. சிப்பியிலும் வெள்ளியின் கூறு சிறிதளவு உண்டு. கண்ணின் தோஷத்தால் சிப்பிக் கூறு பற்றப்படாமல் வெள்ளிக் கூறு மட்டும் பற்றப்படும்போது, அதை விரும்பியவன் எடுக்கக் கைநீட்டுகிறான். தோஷம் நீங்கி, மிகுதியான சிப்பிக் கூறு பற்றப்பட்டதும் திரும்புகிறான். முன்னைய அறிவு இல்லாத பொருளைப் பற்றியதன்று. குறைவான கூற்றைப் பற்றிய அறிவு, மிகுதியான கூற்றைப் பற்றிய அறிவினால் பாதிக்கப்பட்டது. அவ்வளவே.

ஒரு பொருளுக்குச் சிப்பி என்றோ வெள்ளி என்றோ பெயர் வழங்குவது மிகுதியைக் கொண்டு. இந்நியாயம் பிரஹ்மஸூத்திரத்திலேயே பூதங்களின் பெயர்வழக்கைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. எம்பெருமானார் இதற்கு வேள்விச் செயலிலிருந்தும் ஆதாரம் காட்டுகிறார். ஸோமக் கொடி கிடைக்காதபோது பூதீகப் புல்லைக் கொள்ளுமாறும், நெல்லுக்கு நீவாரத்தைக் கொள்ளுமாறும் விதிக்கப்பட்டிருப்பது, ஒன்றின் கூறுகள் மற்றொன்றில் இருப்பதனாலேயே. ஒன்றைப் போன்றிருத்தல் என்பது அதன் கூற்றைத் தன்னுள் உடைத்தாயிருத்தலே என்பது இங்குக் கிடைக்கும் கருத்து. போலி என்னும் சொல்லுக்குப் பொய் என்ற பொருளை விலக்கி, பங்கு உடைமை என்ற பொருளை இந்நியாயம் தருகிறது. இவ்விலக்கணம் பின்னர் வேண்டப்படும்.

ஏனைய காட்சிகளும் இவ்வாறே விளக்கப்படுகின்றன. செம்பருத்தியின் அருகே வைத்த படிகம் சிவந்து தோன்றுவது, மலரின் ஒளி படிகத்தோடு சேர்ந்து பற்றப்படுவதால். கொள்ளிக்கட்டையைச் சுழற்றும்போது வட்டம் தோன்றுவது, விரைவினால் இடைவெளிகள் பற்றப்படாமையால். கண்ணை விரலால் அழுத்தும்போது நிலவு இரண்டாகத் தோன்றுவது, பார்வை இரு வழியாகப் பிரிந்து, காணும் கருவித்தொகுதி இரண்டாவதால்; அங்குக் கருவியின் இருமையும் மெய், அதனால் நிகழும் இரு பற்றுதல்களும் மெய். பித்தமுற்றவனுக்குச் சங்கு மஞ்சளாவது, பித்தப் பொருள் அவன் கண்ணொளியோடு வெளிச்சென்று சங்கைப் பொருந்துவதால். அது நுண்ணியதாகையால் பிறர் காணார். தன் கண்ணினின்றே புறப்பட்டதாகையால் அவன் மட்டும் காண்பான். கைவிட்டுப் பறந்த பறவையைத் தொடர்ந்து நோக்கியவன், அது வானில் புள்ளியாய்க் குறுகிய பின்னும் காண்கிறான்; அப்போது வந்து நின்றவன் காண்பதில்லை. அது போன்றதே இதுவும். கனவில் காணும் தேர் முதலியனவும், அவனவன் வினைக்கேற்ப, அவனுக்கு மட்டும், அவ்வளவு காலத்திற்கே நிற்குமாறு ஈசுவரனால் படைக்கப்பட்ட மெய்ப்பொருள்களே.

ஸ்ரீநிவாஸதாஸர் இயற்றிய யதீந்த்ரமததீபிகை இவற்றைச் சுருக்கித் தந்து, அறிவு யதார்த்தமாயிருக்க, வழக்கு மட்டும் பாதிக்கப்படுவதே பிரமம் என்று தெளிவாக்குகிறது. கானல்நீரை நோக்கி ஓடியவன் நீர் பெறாமல் திரும்புகிறான். அவன் கண்டது இல்லாததன்று. கண்டது குடிப்பதற்கு ஆகவில்லை.

ஒளியியல் எழுப்பும் ஐயம்

இங்கு ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைப் பற்றுகிறது என்பது நையாயிகர் முதலிய பலர்க்கும் பொதுவாயிருந்த கொள்கை. பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணில் புகுகிறது என்று இன்றைய இயற்பியல் கொள்ளும். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் இதனை நிறுவ முற்பட்டார். அங்ஙனமாயின் கண்ணொளியின் மேல் கட்டிய யதார்த்தக்யாதியும் விழுமன்றோ?

விழாது. ஒவ்வொரு காட்சிக்கும் சொல்லப்பட்ட வழி வேறு. அவ்வழிகளால் காக்கப்படும் கொள்கை வேறு. இரு நிலவுக் காட்சியில், அழுத்தப்பட்ட கண்ணில் படும் உருவம் மற்றைக் கண்ணின் உருவத்தோடு பொருந்தாமையால் இருமை நேர்கிறது என்று ஒளியியல் கூறும். ஒளியின் போக்குத் தலைகீழானாலும், கருவித்தொகுதி இரண்டாயிற்று என்ற விடை அப்படியே நிற்கிறது. கொள்ளிவட்டத்திலும் இடைவெளி பற்றப்படாமை என்ற விடையே நிற்கிறது.

கானல்நீரில் நிலை சற்று வேறு. மணலை ஒட்டிய சூடான காற்றில் வானத்தின் ஒளி வளைந்து மேலெழுந்து கண்ணை அடைவதால், வானம் தரையில் தோன்றுகிறது. ஒளியோடு கலந்த நீர்க்கூறு பற்றப்படுகிறது என்ற விளக்கத்திற்கு இது மாறானது. ஓரிடத்துள்ள மெய்ப்பொருள் வேறிடத்தில் தோன்றுவதாகச் சொல்வது அந்யதாக்யாதிக்கு நெருங்கியது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்திற்கு இடமுண்டு என்று ஒப்புவதில் இழுக்கில்லை. பொருளில்லாத அறிவு இல்லை என்ற அடிப்படை அந்யதாக்யாதியாலும் அழிவதன்று. அங்கும் தோன்றிய வானம் மெய்யே. மாயாவாதிக்கு வேண்டியது உள்ளதுமன்று இல்லதுமன்று என்ற மூன்றாவது நிலை. அதற்கு ஒளியியலில் இடமில்லை.

இன்னொரு திசையில் மிகையும் நேர்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல உலகங்கள் உள்ளன என்று இயற்பியலாளர் சிலர் ஊகிப்பதைக் கொண்டு, பரமபதம் இங்கேயே மறைந்து கிடக்கிறது என்று சாதிப்பது அத்தகையது. சாஸ்திரம் ஒன்றினாலேயே அறியத்தக்கதை ஊகத்தின்மேல் நிறுத்தினால், ஊகம் மாறும் நாளில் அதுவும் ஆடும். யதார்த்தக்யாதி கண்ணுக்கு எட்டிய பொருள்களைப் பற்றிய விசாரம். அதன் எல்லையை மதிப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

அந்தர்யாமியின் கலப்பு

பிருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி பிராஹ்மணம் வேறொரு கலப்பைக் கூறுகிறது. மண்ணில் இருந்து, மண்ணுக்கு உள்ளீடாய், மண்ணால் அறியப்படாமல், மண்ணை உடலாகக் கொண்டு, உள்ளிருந்து நியமிப்பவன் ஒருவன் என்பது அதன் கருத்து. சிப்பியில் வெள்ளிக் கூறு இருப்பது போல மண்ணில் எம்பெருமான் ஒரு கூறாய் இருப்பதில்லை. கூறு என்பது அளவுடையது. ஒன்று மிகும்போது மற்றொன்று குறைவது. அவனோ ஒவ்வொன்றிலும் முழுமையாய் நிறைந்திருப்பவன். சிப்பியும் வெள்ளியும் பக்கத்திற்குப் பக்கம் கலந்தவை. மண்ணும் அவனும் உடலும் உயிருமாய், தாங்கப்படுவதும் தாங்குவதுமாய்ச் சேர்ந்தவை.

காணும் வகையிலும் வேறுபாடுண்டு. வெள்ளிக் கூறு நுண்ணியதாயினும் கண்ணுக்குரிய பொருளே. அந்தர்யாமியோ இயல்பான கண்ணுக்குரியவன் அல்லன். தேர்த்தட்டில் நின்ற அருச்சுனனுக்கே திவ்யமான கண் தரவேண்டியிருந்தது. ஆகவே பஞ்சீகரண நியாயத்தைக் கொண்டு, மலையில் அவனுடைய கூறு உண்டு, பக்தன் அதனைக் காண்கிறான் என்று சொல்வது பொருந்தாது. அது ஸ்வரூபத்திற்கு அளவு கற்பிப்பதாய் முடியும்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லக்கூடும். பித்தமுற்றவன் காணும் மஞ்சளும் கனவுத் தேரும் ஒருவனுக்கு மட்டுமே புலனாவன, ஆயினும் மெய். அதுபோல் பக்தனுக்கு மட்டும் புலனாவதும் மெய்யாகலாமே என்பது அது. இதில் கொள்ளத்தக்க பகுதி உண்டு. பலர் காணாமை பொய்ம்மைக்கு அடையாளமன்று என்பதை யதார்த்தக்யாதி ஐயமறக் காட்டிவிட்டது. ஆனால் மஞ்சளைக் காட்டுவது பித்தம். கனவைக் காட்டுவது வினை. ஆழ்வார்களுக்கு எம்பெருமானைக் காட்டியது அவனுடைய நிர்ஹேதுகக் கிருபை. ஒருவர் காணப் பிறர் காணாமை மூன்றிற்கும் பொதுவாகலாம்; காரணம் பொதுவன்று. தோஷத்தால் விளைந்ததையும் பிரஸாதத்தால் விளைந்ததையும் ஒரு தட்டில் வைக்கலாகாது.

பராங்குச நாயகி கண்டவை

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு திருவாய்மொழியின் நான்காம் பத்து நான்காம் திருவாய்மொழியை நோக்கலாம். பிரிவாற்றாத மகளின் நிலையைத் திருத்தாயார் சொல்லும் பதிகம் இது. மகள் மண்ணைத் துழாவி இது வாமனன் அளந்த மண் என்கிறாள். வானத்தைத் தொழுது வைகுந்தம் என்கிறாள். செந்தீயைத் தழுவி அச்சுதன் என்கிறாள், உடல் வேவதில்லை. மலையைக் கண்டு நெடுமாலே வா என்று அழைக்கிறாள். மழைமேகத்தைக் கண்டு நாராயணன் வந்தான் என்று ஆடுகிறாள். கன்றுகளைக் கண்டு அவன் மேய்த்தவை என்கிறாள். பாம்பின் பின்னே சென்று அவன் படுக்கை என்கிறாள். அவனைப் போன்ற பொருள்களையும் அவனோடு தொடர்புடைய பொருள்களையும் கண்டு இவள் அறிவழிகிறாள் என்று வியாக்கியானங்கள் வகுத்துக் காட்டுகின்றன.

இவ்விருவகையும் வேறு வேறு கருத்துடையன. மண்ணை அவனுடைய மண் என்னுமிடத்தில் மண்ணும் நிற்கிறது, அவனும் நிற்கிறான். இடையே உள்ள உறவும் சொல்லப்படுகிறது. இதில் மயக்கத்தின் நிழலும் இல்லை. ஒரு வேதாந்தி சொல்லத்தக்க வாக்கியம் அது. மலையை நெடுமாலே என்று விளிக்குமிடத்திலோ மலை என்ற பெயரே மறைந்துவிடுகிறது. இது போலியால் நேர்ந்தது.

முன்னர்க் கண்ட இலக்கணம் இங்கே சோதிக்கப்படுகிறது. போன்றிருத்தல் கூறு உடைமையால் என்றால், மேகத்தில் அவன் திருமேனியின் கூறு இருக்க வேண்டும். அவன் திருமேனியோ சுத்தஸத்வமயம், அப்ராக்ருதம். மேகமோ பூதக் கலப்பு. அக்கூறு இதில் இருக்க வழியில்லை. ஆகவே யதார்த்தக்யாதியின் போலி நியாயம் இவ்விடத்தைத் தொடுவதில்லை. இவள் அறிவுக்கு ஆதாரம் சரீர சரீரி பாவமே. உடலைக் குறிக்கும் சொல் உயிரளவும் செல்லும் என்பது எம்பெருமானார் தரிசனத்தின் உயிர்நிலையான கருத்து. அதன்படி மலை என்னும் சொல்லும் அவனிடத்திலேயே சென்று முடியும். எனின், மலையை நெடுமால் என்றவள் பிழைபடச் சொன்னாள் அல்லள். பிறர் நடுவழியில் நிறுத்தும் சொல்லை முடிவுவரை கொண்டு சென்றாள்.

அப்படியானால் தாய் ஏன் வருந்துகிறாள்? மகள் கண்டது பொய் என்பதாலா? பதிகம் முழுவதும் மகள் இப்படிச் சொல்கிறாள் என்று தாய் அடுக்குகிறாளேயன்றி, மண் வாமனனுடையதன்று என்றோ வானம் அவன் இடமன்று என்றோ ஓரிடத்தும் மறுப்பதில்லை. ஆழ்வார் ஞான நிலையில் தாமாகவும் பிரேம நிலையில் பெண்ணாகவும் பேசுவதை அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் வகுத்து, தாயின் நிலையை உபாயத்தில் கொண்ட உறுதியாகவும் மகளின் நிலையைப் பேற்றில் கொண்ட விரைவாகவும் காட்டுகிறார். இருவரும் ஆழ்வாரே. எனவே இங்குள்ள முரண் மெய்க்கும் பொய்க்கும் இடைப்பட்டதன்று. அவன் வருமளவும் ஆறியிருக்க வேண்டும் என்னும் உறுதிக்கும், ஒரு கணமும் ஆறமாட்டாத விரைவுக்கும் இடைப்பட்டது.

இவ்விடத்தில் யதார்த்தக்யாதி மீண்டும் ஒரு வகையில் துணைசெய்கிறது. பூதக் கலப்பைக் கொண்டன்று. வழக்கு பாதிக்கப்படுதல் என்ற கருத்தைக் கொண்டு. மலையில் அவன் உளன், சொல் அவனளவும் செல்கிறது, அறிவில் குறையில்லை. ஆயினும் மலை எழுந்து வந்து அணைப்பதில்லை. மழை பெய்து ஓய்ந்தால் மேகமும் போய்விடுகிறது. கண்டது மெய்யாயிருந்தும் அனுபவத்திற்கு ஆகாமையே அவள் துயரம். அவன் இல்லை என்று அழுபவளுக்கு ஒருநாள் உளன் என்று தேற்றம் சொல்லலாம். எங்கும் உளன் என்று அறிந்தும் கைக்கு எட்டாமல் அழுபவளுக்கு அத்தேற்றம் உதவாது.

தேங்கிய நீர்

அக்குறையைத் தீர்ப்பது எது என்பதற்குப் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசநபூஷணத்தில் விடை வைத்துள்ளார். தாகமெடுத்தவனுக்கு அந்தர்யாமித்வம் நிலத்தினுள்ளே கிடக்கும் நீர் போன்றது. பரத்வம் அண்டத்திற்குப் புறம்பே சூழ்ந்த நீர் போன்றது. வியூகம் பாற்கடல் போன்றது. விபவம் பெருகி வடிந்த ஆறு போன்றது. அர்ச்சாவதாரம் அந்த ஆற்றில் தேங்கி நிற்கும் மடுக்கள் போன்றது என்பது அவர் வகுத்த உவமை. கானல்நீரின் விசாரத்தோடு இதனைச் சேர்த்துப் பார்க்கத் தகும். கானலில் கண்டது தாகத்திற்கு ஆகவில்லை. நிலத்தடி நீர் முழுமையும் மெய்யாயினும், மண்வெட்டி இல்லாதவனுக்கு அதுவும் ஆகவில்லை. மடுவில் நிற்கும் நீரே குனிந்து அள்ளக் கூடியது.

ஆயினும் அர்ச்சையின் முன்னும் கண் இரண்டைக் காண்கிறது. செம்பும் சிலையும் கண்ணுக்குரியவை; அவற்றைத் தன் திருமேனியாக உகந்து எழுந்தருளியிருப்பவன் ஆசார்ய உபதேசத்தால் அறியப்படுபவன். முன்னதை மட்டும் பற்றிப் பின்னதை விடுபவன் தன்னைத் தெளிந்த கண்ணுடையவனாக எண்ணக்கூடும். யதார்த்தக்யாதியின் அளவுகோலைக் கொண்டு நோக்கினால், உள்ளவற்றுள் ஒன்றைப் பற்றி மற்றதைப் பற்றாது விடுவதே மயக்கத்தின் இலக்கணம். சிப்பியை விட்டு வெள்ளியைப் பற்றியவன் சிறிது நேரம் ஏமாந்தான். எம்பெருமானை விட்டு உலோகத்தைப் பற்றியவனுடைய ஏமாற்றத்திற்கு அத்தகைய கால எல்லை இல்லை. அர்ச்சாவதாரத்தின் உபாதானத்தை நினைப்பது பெருங்குற்றமாகச் சொல்லப்பட்டது இதனாலே.

பிள்ளை லோகாசாரியர் அவ்வளவில் நிறுத்தவில்லை. பாகவதனுடைய பிறப்பை ஆராய்வது அதனினும் கொடியது என்று அருளிச்செய்தார். ஒரு மனிதனை நோக்கும்போதும் கலப்புக் காட்சியே நிகழ்கிறது. குலம், ஊர், உடல் ஆகியவை கண்ணுக்குத் தெரிகின்றன. அவன் எம்பெருமானுக்கு உரியவன் என்பது தெரிவதில்லை. சிலையின் முன்னே கைகூப்பி நின்று அங்கே தெரியாததைக் கண்டவன், திரும்பி அருகில் நிற்கும் அடியானிடம் தெரிவதை மட்டும் கண்டால், முன்னே கண்டதாக நினைத்ததும் ஐயத்திற்கிடமாகிறது. பராங்குச நாயகி எல்லாவற்றையும் அவனுடையதாகக் கண்டாள். அந்நிலை வாய்க்கப்பெறாதவர்க்கும் அவனுடையார் ஒருவரையேனும் அவனுடையாராகக் காண்பது இயலும். அதற்குத் திவ்யமான கண் வேண்டுவதில்லை, ஆசார்யன் சொன்ன சொல் போதும்.